உம் கொட்டி வண்டி ஓட்டியவள்

எங்கள் சலவைக் கடைக்கு வருகிறவர்களுக்கு அக்காவின் முகம் தெரிவதற்கு முன்பே அவளுடைய கேள்வி காதில் விழுந்துவிடும். முன்னால் கவுண்டரில் நான் துணி வாங்கிக்கொண்டிருப்பேன். உள்ளே இஸ்திரி மேஜையிலிருந்து குரல் வரும்.

"அந்தக் கறை எப்படிப் பட்டுச்சுன்னு கேளு."

"டீ கொட்டிடுச்சாம்க்கா."

"நின்னுக்கிட்டுக் குடிச்சாரா, உட்கார்ந்துக்கிட்டா?"

இது தெரிந்து கறைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில், வந்தவருக்குத் தமிழும் தெரியாது. நான் சிரித்து மழுப்பி ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அக்காவுக்கு அன்று முழுக்க மண்டை குடையும். நின்று குடித்திருந்தால் கறை இவ்வளவு கீழே எப்படி வந்தது என்று சட்டையை உடம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. ஓரகத்திகள் என்றால் கீரியும் பாம்புமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களை நாங்கள் ஏமாற்றியதில்லை. நன்றாகவே சண்டை போடுவோம். ஆனால் அவளைப் பற்றி வெளியாள் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கடையில் நாங்கள் மூன்று பேர். நான் கவுண்டரையும் துவைக்கிற இயந்திரங்களையும் பார்த்துக்கொள்வேன். அக்கா இஸ்திரி. அவள் சட்டைக்கு இஸ்திரி போடுகிற அழகே தனி: முதலில் காலர், அப்புறம் தோள், கைப்பட்டி, கை, முன்பக்கம், கடைசியில் முதுகு. வரிசை மாறினால் ஏற்கெனவே போட்ட இடம் கசங்கும் என்பாள். ஒருநாள் அவசரத்துக்கு நான் முதுகில் ஆரம்பித்தேன். பாம்பைப் பார்த்ததுபோல் இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினாள். மூன்றாவது ஆள் அக்காவின் வீட்டுக்காரர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஊரைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கு வேன் ஓட்டிப் போய், அழுக்குப் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வாங்கி வந்து, துவைத்ததைக் கொண்டு கொடுக்கிற வேலை அவருடையது. என் கணவருக்கு வேலை வேறு ஊரில். விடுமுறைக்கு வருவார், சாப்பிடுவார், அறிவுரை சொல்வார், போய்விடுவார்.

மாமாவுக்கு வந்த கோளாறை முதலில் கவனித்தது அக்காதான். ஒரு காலை நேரம், மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமா என்னிடம், "அந்த நீல மூட்டையை எடுத்து" என்று ஆரம்பித்தார். அத்தோடு நின்றுவிட்டார். கண் திறந்தே இருந்தது. கையில் கயிறு அப்படியே இருந்தது. ஏதோ யோசிக்கிறார் என்று நான் காத்திருந்தேன். கொஞ்சம் கழித்து, "வண்டியில வை" என்றார், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஏங்க, நடுவுல ஏன் நின்னீங்க?"

"எங்க நின்னேன்? ஒரே மூச்சுலதானே சொன்னேன்."

அதற்கப்புறம் இரண்டு மூன்று முறை அப்படி நடந்தது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். இது ஒருவகை வலிப்பு, கையும் காலும் வெட்டாது, நினைவு மட்டும் சற்று நேரம் விட்டுப்போகும், திரும்ப வரும்போது இடையில் போனதே அவருக்குத் தெரியாது என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது பிடிக்க நாளாகும் என்றார். இனி ஓட்டலாம் என்று தானே சொல்லும் வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

மாமா நம்பினால்தானே. போனது தெரியாத மனிதரிடம் போனதை எப்படி நிரூபிப்பது? "ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து எனக்கு நோய் கட்டி விடுறீங்க" என்றார். வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்றை அக்கா சோப்புத்தூள் டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். மறுநாள் காலையில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. இன்னொரு சாவி அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்தோம். முதல் ஆள் ஈர விரிப்புகளை நேரே விடுதிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். இரண்டாவது ஆள் இரண்டாம் நாள் வரவே இல்லை. என்னையும் ஓட்டக் கற்கச் சொன்னார்கள். கால் பெடலுக்கு எட்டாது என்று சொல்லித் தப்பித்தேன். கால் எட்டும், பயம்தான். கடைசியில் நடந்த சண்டையில் மாமா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்.

"நீ லைசென்ஸ் வாங்கிட்டு வா, தாராளமா சாவியைத் தர்றேன். அதுவரைக்கும் நான்தான் ஓட்டுவேன். மூட்டை தானா பறந்து போகுமா?"

அவர் வீம்புக்குச் சொன்னார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் வண்டி எடுக்கும்போதெல்லாம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அனுப்புவாள். கைபிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் பேசுவதை நிறுத்தினாரா என்று பார்த்துக்கொண்டே போவேன். அவர் சும்மா இருந்தால் எனக்கு உயிர் போய்விடும். அதனால் வழியெல்லாம் எதையாவது கேட்டுப் பேசவைப்பேன். தெருவில் யாராவது குறுக்கே நடந்தால் கைபிரேக்கை இறுக்கிப் பிடிப்பேன். எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

அக்கா வகுப்பில் சேர்ந்தாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் எங்களைவிடச் சின்னப் பெண், எப்போதும் மிட்டாய் சப்பிக்கொண்டே இருப்பாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. அக்காவுக்கு ஆங்கிலம் கடைக்கு வேண்டிய அளவுக்குத் தெரியும். மொழிபெயர்க்க நான் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். வண்டியை அக்கா சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். கிளட்ச், கியர், கண்ணாடி எல்லாம் அவளுக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற மாதிரிதான். ஒரு வரிசை, அதை மாற்றக்கூடாது. மிட்டாய்க்காரியே இவ்வளவு சுத்தமாக ஓட்டுகிறவர்களைப் பார்த்ததில்லை என்றாள். நான் பின்னால் இருந்து எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை மூன்று பேருமே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தேர்வுக்குப் பின்சீட்டு ஆள் கிடையாது.

முதல் தேர்வு முடிந்து வந்தபோது அக்காவின் முகத்தில் அழுகை இல்லை, குழப்பம் இருந்தது.

"அவர் திரும்பச் சொன்னாரு, நான் திரும்பினேன். அதுக்கு எதுக்குடி ஃபெயிலு?"

மிட்டாய்க்காரியைக் கேட்டதில் முழுக்கதையும் வந்தது. தேர்வு அதிகாரி, நெட்டையான ஆள், சொன்னது இது: "டர்ன் லெஃப்ட் ஆஃப்டர் யூ பாஸ் த ஸ்கூல்." பள்ளிக்கூடத்தைத் தாண்டினதும் இடப்பக்கம் திரும்பு. அக்காவின் காதில் 'டர்ன் லெஃப்ட்' விழுந்தது. விழுந்த வேகத்தில் இடப்பக்கம் என்ன இருக்கிறதோ அதற்குள் திரும்பிவிட்டாள். இருந்தது தீயணைப்பு நிலையத்தின் வாசல். உள்ளே வண்டி கழுவிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் குழாயை நிறுத்திவிட்டுக் கை அசைத்தார்களாம். இவளும் மரியாதைக்குக் கை அசைத்திருக்கிறாள்.

நான் சிரித்த சிரிப்பில் கவுண்டரில் இருந்த ரசீதுகள் கீழே விழுந்தன. அக்கா சிரிக்கவில்லை. காலரில் தொடங்கி ஒரு சட்டையை முடித்தாள். அப்புறம் கேட்டாள்.

"ஏண்டி, ஸ்கூலை முதல்ல தாண்டணும், திரும்புறது ரெண்டாவது. அப்போ ஸ்கூலைத்தானே முதல்ல சொல்லணும்? நடக்கிற வரிசையில சொல்றதுக்கு இவங்களுக்கு என்ன கஷ்டம்?"

எனக்கு என்ன தெரியும்? அவர்கள் மொழி தலைகீழ், நம்முடையது நேர் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அதுதான் வினையாகிப் போனது. தலைகீழ் என்ற சொல்லை அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் கடைசியில் சொல்வதை முதலில் செய்ய வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு இரண்டாவது தேர்வுக்குப் போனாள்.

அதே நெட்டை அதிகாரி. இந்தத் தடவை அவர் சொன்னது: "ஆஃப்டர் யூ கிராஸ் த பிரிட்ஜ், ஸ்டாப் ஆன் த லெஃப்ட்." தமிழில் சொல்வதுபோலவே வரிசையாகத்தான் சொல்லியிருக்கிறார். பாலத்தைக் கடந்த பிறகு இடப்பக்கம் நிறுத்து. அக்காவின் சட்டப்படி நிறுத்துவது முதலில், கடப்பது பிறகு. பாலத்தின் வாயில் கொண்டுபோய், இண்டிகேட்டர் விளக்குப் போட்டு, கண்ணாடி பார்த்து, எந்தக் குறையும் சொல்ல முடியாதபடி அழகாக நிறுத்தினாள். பின்னால் லாரியில் தொடங்கிப் பஸ் வரைக்கும் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. பிறகு பாலத்தைக் கடந்தாள்.

அன்று மாமா சாப்பிடும்போது, "விடு, நானே ஓட்டிக்கிறேன்" என்றார், ரொம்பத் தாராளமாக. அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். எனக்கு அவள் தேர்வில் தோற்றதைவிட, அவர் குரலில் இருந்த நிம்மதிதான் சுட்டது. நாளைக்கும் நான் அந்தக் கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

மறுநாள் துணிகளைப் பிரிக்கும்போதுதான் அவளுக்குப் பிடிகிடைத்தது. எங்கள் கடையில் வருகிற ஒவ்வொரு துணியிலும், யாருடையது என்று எழுதிய சின்னச் சீட்டை ஊக்கால் குத்தி வைப்போம். இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது எல்லாம் கலந்து கிடக்கும். சட்டை மேலே கிடந்தாலும் அடியில் கிடந்தாலும் சீட்டு அதோடுதான் இருக்கும். அக்கா ஒரு சட்டையைச் சீட்டோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த ஆஃப்டர் இருக்கே, அது இந்தச் சீட்டு மாதிரிடி. முதல் தடவை நடுவுல வந்துச்சு, ரெண்டாவது தடவை முன்னாடியே வந்துச்சு. நான் எது முன்னாடி எது பின்னாடின்னு குவியலைப் பார்த்தேனே ஒழிய, சீட்டு எதுல குத்தியிருக்குன்னு பார்க்கல."

"அதாவது?"

"ரெண்டு தடவையும் அது எதை ஒட்டி நிக்குது? பாஸ், கிராஸ். தாண்டுறதைத்தானே? அது எதை ஒட்டி நிக்குதோ அந்த வேலைதான் முதல்ல முடியணும். வாக்கியத்துல எங்க கிடந்தாலும் சரி."

"அப்போ பிஃபோர்?"

அவள் கண் விரிந்தது. அதை அவள் யோசித்திருக்கவில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தாள். "பிஃபோர் எதை ஒட்டி நிக்குதோ, அது ரெண்டாவது. அடடா, அது அந்தப் பக்கத்துச் சீட்டு!"

அப்புறம் இன்னொன்றும் கண்டுபிடித்தாள். தமிழில் அந்தச் சீட்டு தனியாகக் கிடையாது, சொல்லின் வாலிலேயே தைத்திருக்கிறது. தாண்டி, தாண்டினதும், தாண்டிட்டு. தாண்டுகிற சொல் காதில் விழுந்தால் வாலும் சேர்ந்தே விழும். ஆங்கிலத்தில் அது தனியாக, சின்னதாக, முன்னால் நிற்கிறது. பதற்றத்தில் இருக்கிறவளின் காது பெரிய சொற்களைப் பிடித்துக்கொண்டு சின்னதைக் கீழே போட்டுவிடுகிறது. இதை அவள் என்னிடம் சொன்ன உற்சாகத்தில், வெள்ளைத் துண்டுகளோடு ஒரு சிவப்புக் காலுறையையும் சேர்த்து இயந்திரத்தில் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் தமிழை ஆங்கிலம் மாதிரி பேசிப் பழகச் சொன்னாள். எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டிருந்தால் யாராவது டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

"அக்கா, கதவைத் திற, மேஜையைத் துடைச்சதுக்கு அப்புறம்."

அவள் பாதி வழி கதவுக்குப் போய்விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மேஜைக்குத் திரும்புவாள். மாமாவும் சேர்ந்துகொண்டார். "டீ கொண்டா, உன் தங்கச்சி புலம்பலை நிறுத்துறதுக்கு முன்னாடி" என்பார். அவருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. விதி முழுக்கப் புரிந்திருந்தும் அக்காவுக்குக் கால் நிற்கவில்லை. முதல் வினைச்சொல் காதில் விழுந்ததும் உடம்பு கிளம்பிவிடுகிறது.

மிட்டாய்க்காரியிடம் போய் முறையிட்டோம். ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று அக்கா கேட்டாள். அவள் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். இதை யோசித்ததே இல்லையாம். உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். நான் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னேன்: பள்ளிக்கூடத்தை, தாண்டி, இடப்பக்கம், திரும்பு.

அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்பது கடைசிச் சொல் வரும் வரைக்கும் தெரியாதா? திரும்பு என்பதற்குப் பதிலாகத் திரும்பாதே என்று முடிந்தால்? கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் அதுவரைக்கும் என்னதான் செய்வார்கள்?

நான் மொழிபெயர்த்தேன். "கேக்குறவங்க அதுவரைக்கும் என்ன செய்வாங்கன்னு கேக்குறா."

"என்ன செய்வாங்க? உம் கொட்டுவாங்க" என்றாள் அக்கா சாதாரணமாக.

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் உறைத்தது. நாம் யார் பேசினாலும் நடுநடுவே 'ம்' என்கிறோமே, 'கேட்கிறேன், இன்னும் முடியவில்லை, மேலே சொல்' என்றுதானே அதற்கு அர்த்தம்? தமிழ் கேட்கும்போது தானாக வருகிற அந்த 'ம்' ஆங்கிலம் கேட்கும்போது அக்காவுக்கு வருவதில்லை. பரீட்சை, அதிகாரி, பயம் எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிவிடுகிறது. வாய் சும்மா இருப்பதால் கை கால் ஓடுகிறது.

"போன உடனே இன்னொரு தடவை டெஸ்ட்டுக்குச் சொல்லிடு" என்றாள் என்னிடம். "இனிமே அந்த நெட்டையன் வாயைத் திறந்தா நான் உம் கொட்டப் போறேன்."

மூன்றாவது தேர்வு நடந்ததை அக்காவும் சொன்னாள், பிறகு மிட்டாய்க்காரியும் அதிகாரியிடம் கேட்டுச் சொன்னாள். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். கிளம்பியது முதல் அவர் என்ன சொன்னாலும் இவள் முதல் வினையில் ஒரு 'ம்' போட்டிருக்கிறாள். "டர்ன் ரைட்" என்பார். "ம்." "பிஃபோர் யூ கெட் டு த பேங்க்." "ம்." வலப்பக்கம் திரும்பு, பேங்க் வருவதற்கு முன்னால் என்று முழுசாக வந்த பிறகுதான் விளக்குப் போடுவாள். அதிகாரி முதலில் வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று குனிந்து பார்த்தாராம்.

கடைசியில் வேண்டுமென்றேதானோ என்னவோ, ஒரு நீளமான வாக்கியத்தை எடுத்து விட்டிருக்கிறார்: "புல் ஓவர் வென் யூ ஹேவ் பாஸ்ட் த பஸ் ஸ்டாப், பட் பிஃபோர் யூ ரீச் த லைட்ஸ்." அக்கா மூன்று உம் கொட்டினாள். பஸ் நிறுத்தம் போனது. சிக்னலுக்கு முன்னால், எந்தப் பதற்றமும் இல்லாமல் ஓரம் கட்டினாள். அவர் பேனாவை மூடிவிட்டு, ஏன் அப்படி முனகிக்கொண்டே வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொல்லியிருக்கிறாள்: "ஐ வெயிட். யூ ஆர் நாட் ஃபினிஷ்ட்."

அவர் சிரித்தாரா என்று நான் பலமுறை கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார் என்கிறாள். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்திருப்பார் என்பது என் முடிவு.

அக்கா லைசென்ஸோடு வீட்டுக்கு வந்தபோது மாமா சொன்ன சொல் தவறவில்லை. சோப்புத்தூள் டப்பாவிலிருந்து எப்போதோ தோண்டி எடுத்திருந்த சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பழகுற வரைக்கும் நீ பக்கத்து விடுதிக்கெல்லாம் போ. தூரத்துக்கு நான் போய்க்கிறேன்" என்றார்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம். டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் சொல்றீங்க நின்னேன் நின்னேன்னு. எனக்குத் தெரியாம என் பேச்சு எப்படி நிக்கும்?"

அவர் சட்டைப் பையை நான் பார்த்தேன். இரண்டாவது சாவி துருத்திக்கொண்டு இருந்தது. அக்காவும் பார்த்தாள். இத்தனை பாடுபட்டும் பாதிதான் கிடைத்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அக்கா அப்போது அழுதாள். தோற்றபோது வராத அழுகை.

மறுநாள் தூரத்தில் இருந்த ஒரு விடுதிக்குப் போக வேண்டியிருந்தது. வழி மாமாவுக்குத்தான் தெரியும். சண்டை போட்டு, இழுபறி நடந்து, அக்கா ஓட்டுவது, மாமா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வது என்று ஏற்பாடு. நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில். எனக்குக் கைபிரேக் இல்லாத முதல் பயணம். கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

மாமா சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வழி சொன்னார். "அந்த மருந்துக்கடையைத் தாண்டி நேரா போ." "ம்." "லாரி போனதும் வலப்பக்கம் ஒடி." "ம்." அக்காவுக்குத் தமிழில் வழி கேட்டு ஓட்டுவது கரும்பு தின்பதுபோல இருந்திருக்க வேண்டும். முகம் தெளிந்திருந்தது. தெரு அகலமானது. முன்னால் தூரத்தில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அதற்கு இந்தப் பக்கம் ஆட்கள் கடக்கிற வெள்ளைக் கோடுகள்.

மாமா விரலை நீட்டினார். "அந்தத் தண்ணித் தொட்டியைத் தாண்டி"

"ம்" என்றாள் அக்கா.

ஒன்றும் வரவில்லை.

"ம்?"

நான் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"ம்?" என்று மூன்றாவது முறை கேட்கும்போதே அக்கா விளக்குப் போட்டுவிட்டாள். கண்ணாடி பார்த்தாள். ஓரம் கட்டி, நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்தாள். எல்லாம் அவளுடைய வரிசையில். அப்புறம்தான் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கண் திறந்திருந்தது. விரல் நீட்டினபடியே இருந்தது. உதடு எதையோ மெல்வதுபோல அசைந்தது. எங்களுக்கு முன்னால் வெள்ளைக் கோடுகளில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் நிதானமாகக் கடந்துபோனாள். பின்னாலேயே, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர்.

"இடப்பக்கம் திரும்பு" என்றார் மாமா.

அவர் விரலை இறக்கினார். வெளியே பார்த்தார். "ஏன் நிறுத்துனே?"

"நீங்க சொல்லி முடிக்கல."

"இப்பதானே சொன்னேன். ஒரே மூச்சுல..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். எஞ்சின் ஓடவில்லை என்பது அப்போதுதான் அவருக்குக் கேட்டது. சாவித் துவாரத்தைப் பார்த்தார், கைபிரேக்கைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த வண்டி எப்போது இந்த ஓரத்துக்கு வந்தது என்று ஜன்னல் வழியே நடைபாதையைப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு கேள்வி இருந்தது. அக்கா கறையைப் பார்க்கும்போது முகத்தில் வருமே, அது.

"எவ்வளவு நேரம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"'தாண்டி' வரைக்கும் சொன்னீங்க. அப்புறம் நான் மூணு உம் கொட்டினேன். அதுக்கப்புறமும் நீங்க வரல."

அவர் வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். குழந்தை வண்டி அந்தப் பக்கம் நடைபாதையில் ஏறிவிட்டிருந்தது. ஏணிக்காரர் இன்னும் பாதியில் இருந்தார். மாமாவின் கை சட்டைப் பைக்குப் போனது. சாவியை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். "இவளையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தானே ஓட்டினேன் இத்தனை நாளும்" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா அந்தச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டாள்.

"சரி, மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க."

"அந்தத் தண்ணித் தொட்டியைத் தாண்டி," என்றார் மாமா.

"ம்."

"இடப்பக்கம் திரும்பு."

அவர் முடித்த பிறகுதான் அவள் வண்டியை எடுத்தாள்.